முதலாளி வந்தார், விதி வந்தது: பாலாற்றங்கரை லீக் ஒன்றின் மூன்று சீசன்கள்

பின்னணி

ராணிப்பேட்டை தொடங்கி வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டியிருக்கும் தோல் ஊர்களில் எட்டு கிளப்புகள் சேர்ந்து ஒரு கால்பந்து லீக் நடத்துகின்றன. பழைய வட ஆற்காடு இன்று நான்கு மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அந்த எல்லைகள் பொருட்டில்லை. வெளியில் சம்பாதித்த பெரும்பணம் இந்த லீக்கின் ஒரு கிளப்புக்குள் வந்தபோது நடந்தது, அதற்காக எழுதிய முதல் விதி தவறியது, இரண்டாவது விதி ஓரளவு நின்றது ஆகியவை இந்த ஆய்வின் பொருள். ஊர், கிளப், ஆள் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

ஜனவரி இரண்டாம் ஞாயிறு தொடங்கும் சீசன் ஏப்ரல் நடுவில் முடிந்துவிடும். அதற்கு மேல் வேலூர் வெயிலில் பிற்பகல் மூன்றரை மணிக்கு ஆட்டம் நடக்காது. ஒவ்வொரு கிளப்பும் மற்ற ஏழுடன் தலா இரண்டு முறை மோதும்: 14 ஞாயிறு, 56 ஆட்டம்.

கிளப்புகளின் பண நிலை ஒன்றல்ல. ஆறு கிளப்புகள் உறுப்பினர் சந்தா, கடைக்காரர் நன்கொடை, மைதான வசூல் இவற்றில் ஓடுபவை. சீசனுக்கு ஒன்றரை முதல் இரண்டரை லட்சம் ரூபாய். மற்ற இரண்டுக்குப் பின்னால் தோல் கம்பெனிகள். அவற்றின் வரவு 5 முதல் 6.5 லட்சம். ஆட்டக்காரருக்குச் சம்பளம் என்று எதுவும் இல்லை. ஆட்டத்துக்கு 500 ரூபாய் படி, போக வர வேன், முடிந்ததும் சாப்பாடு.

ஆறில் ஒன்றை ‘அ கிளப்’ என்போம். தெருப் பிள்ளைகள் தொடங்கியது, பதிவு பெற்ற சங்கம், பெரும்பாலும் ஆறாவது அல்லது ஏழாவது இடம். இன்னொன்று ‘இ கிளப்’. அதை ஒரு பி.டி. வாத்தியார் தன் பள்ளிப் பையன்களைக் கொண்டு நடத்தினார். தோல் கம்பெனிக் கிளப்புகளில் பெரியது ‘உ கிளப்’.

கிளப் கைமாறிய விதம்

முதல் சீசனுக்கு முந்தைய ஆகஸ்டில், அதே ஊரில் பிறந்து வளைகுடாவில் தொழில் நடத்தும் ஒருவர் அ கிளப்பை எடுத்துக்கொள்ள முன்வந்தார். சங்கத்தை யாரும் விலைக்கு வாங்க முடியாது. அதில் பங்கு என்று ஒன்று கிடையாது. நடந்தது வேறு. பழைய உறுப்பினர் 26 பேர். சந்தா 100 ரூபாய் வீதம் கட்டி, அவருடைய உறவினர்கள் 40 பேரைப் புதிதாகச் சேர்த்தார்கள். அடுத்த பொதுக்குழுவில் அவர் தலைவர், செயலாளரும் பொருளாளரும் அவர் ஆட்கள். யாரும் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. இங்கே ‘கிளப்பை வாங்குவது’ என்றால் இதுதான், இதற்கு ஆன செலவு 4,000 ரூபாய்.

கிளப் இப்படி ஒருவர் கைக்குப் போவதைத் தடுக்க நினைப்பது ஜெர்மனியின் 50+1 விதி. 1998-இல் வந்த அந்த விதிப்படி, முதலீட்டாளர் எவ்வளவு பணம் போட்டாலும் வாக்குகளில் பெரும்பான்மை உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும். லீக்குக்கு அப்போது அப்படி ஒரு யோசனையே இல்லை.

லீக் கமிட்டி ஒன்றை மட்டும் சரியாகக் கேட்டது: அவர் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வெளிநாட்டில் சம்பாதித்த சொந்தப் பணத்தை வங்கி வழியாக நன்கொடையாகத் தந்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், அவர் இதே தெருவில் பிறந்தவராக இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கே வரும். உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் சங்கம் அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. இவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தார். ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்ற வருமான வரி விதியையும் கமிட்டி எழுத்தில் நினைவூட்டியது. பணம் எல்லாம் கணக்கு வழியாகவே வந்தது.

முதல் சீசனில் கண்டவை

அ கிளப்பின் செலவு 13.73 லட்சம். சென்னையிலிருந்தும் மலப்புரத்திலிருந்தும் வந்த 9 பேருக்கு ஆட்டத்துக்குச் சராசரி 3,500 வீதம் 4.41 லட்சம், அவர்கள் பயணமும் லாட்ஜும் 1.89 லட்சம், உள்ளூர்க்காரர் 13 பேருக்கு 1,500 வீதம் 2.73 லட்சம், கோச்சுக்கு ஐந்து மாதம் 2 லட்சம், ஜெர்சி, பூட்ஸ், பந்து 1.2 லட்சம், மைதானமும் விளக்கும் 1.5 லட்சம்.

14 ஆட்டத்தில் 13 வெற்றி, ஒரு டிரா. மைதானத்தில் முன்பு 200 பேர் நின்ற இடத்தில் 800 பேர் நின்றார்கள். சுற்றுவட்டாரப் பிள்ளைகள் நல்ல ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தார்கள். இந்த நன்மையைக் குறைத்துச் சொல்வது நேர்மையல்ல.

சேதம் வேறு இடத்தில் இருந்தது. 9 வெளியூர்க்காரர் மற்ற கிளப்புகளை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. உள்ளூர் 13 பேருக்குக் கொடுத்த 1,500 பாதித்தது. 500 ரூபாய்க்கு ஆடிக்கொண்டிருந்தவர் எல்லாரும், ‘அங்கே ஆயிரத்தைந்நூறு தர்றாங்களே அண்ணே’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டதில் தவறில்லை. 16 பேருக்கு 1,000 கூடினால் ஓர் ஆட்டத்துக்கு 16,000, சீசனுக்கு 2.24 லட்சம், சிறிய கிளப்பின் மொத்த வரவே அவ்வளவுதான். இரண்டு கிளப்புகள் கடன் வாங்கின. ஒன்று பத்தாவது ஆட்டத்தோடு விலகிவிட்டது.

இன்னொன்று: அ கிளப்பின் பச்சை ஜெர்சி முதலாளியின் கம்பெனி நிறத்துக்கு மாறியது. பழைய உறுப்பினர்கள் மைதானத்துக்கு வருவதை நிறுத்தினார்கள். வேல்ஸின் கார்டிஃப் சிட்டியில் மலேசிய முதலாளி 2012-இல் நீல ஜெர்சியைச் சிவப்பாக்கியதும், ரசிகர் எதிர்ப்பால் 2015-இல் நீலம் திரும்பியதும் நினைவுக்கு வரும். அங்கே ரசிகர் குரலுக்கு எடை இருந்தது. இங்கே 26 பேர் 40 பேரிடம் தோற்றிருந்தார்கள்.

முதல் முடிவும் அதற்கான காரணமும்

மே மாதம் கமிட்டி கூடியது: ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர், ஆடிட்டர் ஒருவர், ரெஃபரிகள் சார்பில் ஒருவர், கிளப்புகள் சார்பில் இருவர். எல்லாருக்கும் தெரிந்த முன்மாதிரி ஐரோப்பாதான். இங்கிலாந்தின் செல்சி கிளப் 2003-இலும் மான்செஸ்டர் சிட்டி 2008-இலும் பெரும்பணக்காரர் கைக்கு மாறிய பிறகு, ‘சம்பாதித்ததைத்தான் செலவழிக்க வேண்டும்’ என்று ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூயெஃபா கொண்டுவந்த வரவு–செலவுச் சமன் விதி. இங்கிலாந்தின் மேல்மட்ட லீக்கான பிரிமியர் லீக்கில், மூன்று ஆண்டு மொத்த நஷ்டம் 10.5 கோடி பவுண்டைத் தாண்டக் கூடாது என்று 2013-இல் வந்த விதி. ஆடிட்டர் அதையே சுருக்கி எழுதினார்:

சீசனில் நஷ்டம் 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. சந்தா, வசூல், பரிசுப் பணம், விளம்பரம் ஆகியவை வரவு. தலைவரோ நிர்வாகியோ கையிலிருந்து போடும் பணம் வரவு ஆகாது. மீறினால் 4 புள்ளி குறைப்பு.

கமிட்டியின் வாதம் இது: கையிலிருந்து கொட்டுவதைத் தடுத்தால் விலை இறங்கும், சிறிய கிளப்புகள் மூச்சு விடும். நல்ல எண்ணம்தான். ஆனால் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு ஒரே விதியில் பதில் தேடினார்கள். முதலாளி போய்விட்டால் கிளப் பிழைக்குமா என்பது ஒரு கேள்வி. மற்றவர்களுக்கு ஜெயிக்க வாய்ப்பு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. நஷ்டத்துக்கு வரம்பு வைப்பது முதல் கேள்விக்குப் பாதிப் பதில். இரண்டாவதற்கு அது பதிலே இல்லை. ஏற்கனவே வரவு அதிகமுள்ளவனுக்கு அந்த விதி வேலி கட்டிக் கொடுக்கிறது.

இரண்டாம் சீசன்: விதி யாரைப் பிடித்தது

விலகிய கிளப் திரும்பவில்லை. ஏழு கிளப்புகள், தலா 12 ஆட்டம்.

உ கிளப்புக்கு அதன் தோல் கம்பெனி 6.5 லட்சம் தந்தது, ஜெர்சி விளம்பரம் என்ற பெயரில். செலவு 6.3 லட்சம். கணக்குப்படி லாபம். அதுவும் முதலாளி பணம்தான், ஆனால் உள்ளூரில் கம்பெனி இருந்ததால் ‘விளம்பரம்’ ஆனது.

அ கிளப் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. முதலாளியின் மைத்துனர் நடத்தும் டிராவல்ஸ் 9 லட்சத்துக்கு ஜெர்சி விளம்பர ஒப்பந்தம் போட்டது. கம்பெனிக் கிளப்புகளை விட்டுவிட்டால், அந்த லீக்கில் அதுவரை அதிகபட்ச ஜெர்சி விளம்பரம் 60,000. உறவுக்காரர் ஒப்பந்தத்தைச் சந்தை மதிப்பில் எடைபோட விதியில் ஒரு வரிகூட இல்லை. கமிட்டி கையெழுத்திட்டது.

பெரிய இடங்களிலும் இதே ஓட்டைதான் பல ஆண்டு வழக்குகளுக்குக் காரணம். முதலாளியின் பணமே விளம்பரப் பணமாகக் காட்டப்பட்டது என்ற குற்றச்சாட்டில் மான்செஸ்டர் சிட்டிக்கு யூயெஃபா 2020 பிப்ரவரியில் ஐரோப்பியப் போட்டிகளில் ஆட இரண்டு ஆண்டுத் தடையும் 3 கோடி யூரோ அபராதமும் விதித்தது. அதே ஜூலையில் விளையாட்டு நடுவர் மன்றம் தடையை நீக்கி அபராதத்தை 1 கோடியாக்கியது; சில குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்படவில்லை, சில காலாவதி ஆகியிருந்தன. 2021 அக்டோபரில் சவுதி முதலீட்டு நிதி நியூகாசில் கிளப்பை வாங்கிய பிறகுதான் பிரிமியர் லீக் உறவுக்காரர் ஒப்பந்தங்களுக்குச் சந்தை மதிப்புச் சோதனை கொண்டுவந்தது. அந்த விதியிலும் முதலாளிகள் வட்டியில்லாமல் தரும் கடனை விட்டுவிட்டது தவறு என்று 2024-இல் ஒரு தீர்ப்பாயம் சொன்னது.

விதி பிடித்தது இ கிளப்பை. அதன் கணக்கு: சந்தா 40,000, கடைக்காரர்கள் 75,000, வசூல் 20,000, மொத்தம் 1.35 லட்சம். செலவு 2.2 லட்சம். குறைந்த 85,000-ஐப் பி.டி. வாத்தியார் வீட்டு நகையை அடகு வைத்துப் போட்டார். அவர் நிர்வாகி, அவர் பணம் வரவாகாது. நஷ்டம் வரம்பை 35,000 தாண்டியது. 15 புள்ளியுடன் ஐந்தாவதாக இருந்த கிளப் 11-ஆகக் குறைந்து கடைசிக்குப் போனது.

13 லட்சம் கொட்டியதைத் தடுக்க எழுதிய விதி 35,000 ரூபாய்க்குப் பள்ளிப் பையன்களைத் தண்டித்தது. இதை நியாயம் என்று கமிட்டியிலேயே யாரும் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 2023–24 சீசனில் புள்ளி இழந்தவை எவர்டனும் நாட்டிங்ஹம் ஃபாரஸ்டும்: எவர்டனுக்கு முதலில் 10, அப்பீலில் 6, பிறகு இன்னொரு வழக்கில் 2; ஃபாரஸ்டுக்கு 4. அவர்கள் வரம்பை மீறியது உண்மை. கோப்பைக்கு மோதும் கிளப்புகள் அல்ல என்பதும் உண்மை.

பணம் நின்ற வாரம்

அ கிளப்பின் 9 லட்ச ஒப்பந்தத்தில் 4.5 லட்சம்தான் வந்தது. ஐந்தாவது ஆட்டத்துக்குப் பிறகு முதலாளியின் தொழிலில் நெருக்கடி, பணம் நின்றது. ஆனால் கணக்குப் புத்தகத்தில் முழு 9 லட்சமும் வரவாக ஏறியிருந்தது. வரவேண்டியதை வந்ததாக எழுதிய அந்த ஒரு பதிவால், கமிட்டி பார்த்த காகிதத்தில் கிளப் கடைசிவரை ஆரோக்கியமாகவே தெரிந்தது.

‘அடுத்த வாரம் வந்துடும்’ என்ற வாக்கில் இன்னும் ஐந்து ஆட்டம் ஓடியது. ஆட்டத்துக்கு 51,000 வீதம் ஆட்டக்காரர் பாக்கி 2.55 லட்சம், லாட்ஜ் 38,000, வேன் 22,000, கோச்சுக்கு இரண்டு மாதம் 80,000. மொத்தம் 3.95 லட்சம். பத்தாவது ஆட்டம் முடிந்ததும் வெளியூர்க்காரர் கிளம்பினார்கள். கடைசி இரண்டு ஆட்டத்தைத் தெருப் பையன்கள் ஆடி, 0–6, 1–7 என்று தோற்றார்கள்.

முதலாளி கெட்டவர் என்று இதை வாசிக்கக் கூடாது. அவர் தொழில் சறுக்கியது. கிளப்பின் உயிர் அந்த ஒரே கயிற்றில் தொங்கியது. ரஷ்யாவின் அன்ஜி மகச்கலா கிளப் 2011-இல் பெரும்பணக்காரர் கைக்கு வந்து கேமரூன் நட்சத்திரம் சாமுவேல் எட்டோவை வாங்கியது. 2013-இல் அவர் கையைச் சுருக்கியதும் நட்சத்திரங்களை விற்றது. 2022-இல் கிளப்பே இல்லாமல் போனது. 2010-இல் போர்ட்ஸ்மவுத், முதலாளிகள் மாறி மாறி வந்த சீசனில், திவால் நிர்வாகத்துக்குப் போன முதல் பிரிமியர் லீக் கிளப் ஆனது. வெளிநாட்டு முதலாளி என்றால் அரபு எண்ணெய்ப் பணம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். 2010 நவம்பரில் பிளாக்பர்ன் ரோவர்ஸை வாங்கியது புனேயின் கோழிப் பண்ணை நிறுவனம். 2012-இல் கிளப் பிரிமியர் லீக்கிலிருந்து இறங்கியது.

இரண்டாம் முடிவு

நஷ்ட வரம்பை ரத்து செய்தார்கள். இ கிளப்பின் 4 புள்ளிகளைப் பதிவேட்டில் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு இரண்டு கேள்விகளையும் பிரித்து எழுதினார்கள்.

கிளப் பிழைப்பதற்கு: யார் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம், ஆனால் சீசனுக்கு ஒப்புக்கொண்ட தொகையில் 60 சதவீதம் முதல் ஆட்டத்துக்கு முன்பும், மீதி ஏழாவது ஆட்டத்துக்கு முன்பும், கிளப் பொருளாளரும் லீக்கும் சேர்ந்து கையெழுத்திடும் கணக்கில் இருக்க வேண்டும். இரண்டு ஆட்டத்துக்கு ஒரு முறை விடுவிப்பு. வந்த பணமே வரவு. எல்லாம் திரும்பக் கேட்க முடியாத நன்கொடை, கடன் கூடாது. இந்தக் கடைசி வரிக்குக் காரணம் செல்சி. 2022 மார்ச்சில் அதன் ரஷ்ய முதலாளி மீது பிரிட்டன் தடை விதித்தபோது, அந்தக் கிளப் அவருக்குச் சுமார் 150 கோடி பவுண்ட் கடன்பட்டிருந்தது. திரும்பக் கேட்கப் போவதில்லை என்று அவர் அறிவித்திருந்தார். எல்லா முதலாளியும் அப்படி அறிவிப்பார் என்று எழுதி வைக்க முடியாது. பழைய பாக்கி தீராத கிளப்புக்குப் பதிவு கிடையாது என்பதும் சேர்ந்தது.

வாய்ப்புக்கு: ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் பணம் எல்லாக் கிளப்புக்கும் சீசனுக்கு 3 லட்சம், அதற்கு மேல் இல்லை. 18 பேர் பட்டியலில் வெளியூர்க்காரர் 4 பேர். இங்கே ஆடிட்டர் முதலில் யூயெஃபாவின் இப்போதைய வழியைச் சொன்னார்: அணிச் செலவு வரவில் இத்தனை சதவீதம் என்பது, 90, 80 என்று இறக்கி 70-இல் நிறுத்தியது. வங்கி ஊழியர் காகிதத்தில் போட்டுக் காட்டினார். 6.5 லட்சம் வரவுக்கு 70 சதவீதம் 4.55 லட்சம்; 1.35 லட்சத்துக்கு 94,500. சதவீதம் இடைவெளியை அப்படியே காப்பாற்றுகிறது. அதனால் சதவீதம் இல்லாமல் ஒரே தொகை.

லீக் பெயரில் வரும் விளம்பரப் பணம் சமப் பங்கு. 15 வயதுக்கு உட்பட்டோர் அணி, மைதானம், விளக்கு, முதலுதவி இவற்றுக்கு வரம்பே இல்லை. பிரிமியர் லீக்கும் தன் நஷ்ட விதியில் இளையோர் பயிற்சிச் செலவைக் கணக்கிலிருந்து கழித்தே வந்தது. அவர்களிடம் எடுத்துக்கொள்ளத் தகுந்த விஷயம் அதுவே.

கிளப் பெயர், ஜெர்சி நிறம், மைதானம் மாற மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் வாக்கு. புதிய உறுப்பினருக்கு ஓராண்டு கழித்துத்தான் வாக்கு.

மூன்றாம் சீசன்: விளைவு

பாக்கி 3.95 லட்சத்தை முதலாளி மூன்று தவணையில் நவம்பருக்குள் தீர்த்தார். பதிவு கிடையாது என்ற விதி இல்லாவிட்டால் தீர்த்திருப்பாரா என்று சொல்ல முடியாது. அவர் 6 லட்சத்துடன் திரும்பினார். 3 லட்சம் அணிக்கு. மீதியில் சிறுவர் அணியும் இரண்டு விளக்குக் கம்பங்களும். பச்சை ஜெர்சி திரும்பியது. அ கிளப் மூன்றாவது, இ கிளப் நான்காவது. விலகிய கிளப் மறுபடி சேர்ந்தது. உள்ளூர் ஆட்டக்காரர் படி 800 முதல் 1,000 ரூபாயில் நின்றது.

கூட்டம் 800-லிருந்து 450 ஆனது. மலப்புரத்து ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் வரவில்லை. சிறிய கிளப்புகளே வேண்டாம், நல்ல ஆட்டம் போதும் என்ற கருத்தும் ஊரில் உண்டு. அதைப் பொறாமை என்றோ அறியாமை என்றோ தள்ளிவிட முடியாது.

31 புள்ளியுடன் கோப்பை எடுத்தது உ கிளப். அதன் ஆட்டக்காரர் 11 பேர் தோல் கம்பெனியில் மாதம் 18,000 சம்பளத்தில் வேலையில் இருப்பவர்கள். நான்கு மணிக்குப் பயிற்சிக்கு விடுவார்கள். அது தொழிலாளி சம்பளமா, ஆட்டக்காரர் சம்பளமா? இருவர் வேலையில் சேர்ந்தது டிசம்பரில், சீசனுக்கு ஒரு மாதம் முன்பு. அ கிளப் முதலாளிக்கு இங்கே கம்பெனி இல்லை. அவர் நேராகக் கொடுக்கும் 3,500 கணக்கில் ஏறுகிறது, உ கிளப் கொடுக்கும் 18,000 ஏறவில்லை. அவர் கேட்ட கேள்வி நியாயமானது.

மாற்ற வேண்டியவை

60 சதவீத முன்வைப்பு போதவில்லை. வேறொரு கிளப் மீதி 40 சதவீதத்தை ஒன்பதாவது ஆட்டம் வரை இழுத்தது. 100 சதவீதமும் முதலிலேயே கணக்கில் இருக்க வேண்டும். லாட்ஜ், வேன்காரர் பாக்கிக்குத் தனியாக 50,000 ஒதுக்க வேண்டும். பணம் நின்றால் கடைசியில் கேட்பவர்கள் அவர்களே. கணக்கைச் சீசன் முடிந்து பார்ப்பதால் புள்ளி குறைப்பு ஆடி முடித்த பிறகு விழுகிறது. நான்காவது, எட்டாவது ஆட்டங்களுக்குப் பிறகு வங்கி அறிக்கையைப் பார்த்திருந்தால் பணம் நின்றது எட்டாவது ஆட்டத்தோடாவது தெரிந்திருக்கும். கமிட்டியில் கிளப் பிரதிநிதிகள் இருவர் வாக்களிப்பதும் சரியில்லை. உ கிளப் கேள்வி வந்தபோது அதன் ஆளே மேசையில் இருந்தார்.

கம்பெனி வேலை பற்றி இப்போது விவாதத்தில் இருக்கும் வரைவு இது: சீசனுக்கு 12 மாதம் முன்பே வேலையில் சேர்ந்து, பி.எஃப். பாஸ்புக்கில் மாதாமாதம் பிடித்தம் காட்டுபவரின் சம்பளம் அணிக் கணக்கில் சேராது. மற்றவருடையது, பயிற்சி நேர அளவுக்கு, 3 லட்சத்துக்குள் ஏறும். உ கிளப் எதிர்க்கிறது. வாக்கெடுப்பு அக்டோபர் பொதுக்குழுவில், பதிவு தொடங்கும் முன்.